எட்டாம் வீட்டில் நின்ற வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கண்டோன்மென்ட் பகுதியான காக்ஸ் டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்ற பேச்சும் வீட்டில் குறைந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலாளர் ஒரு இங்கிலீஷ்கார அம்மாள். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ்ஸியம்மா என்போம். முன்ஷி வாத்தியார் வைத்துப் படித்த தமிழ் அவருடையது. பையன்கள் சண்டை போட்டால்கூட ‘கலகம் செய்யாதிருங்கள்’ என்பார்.

மணி அடிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் வராந்தாவில் கைகோத்து வட்டமாகச் சுற்றுவார்கள். அப்போது ஒரு பாட்டு பாடுவார்கள்.

*வெள்ளை வண்டி வருது வருது,*
*மணி அடிச்சு வருது.*
*எட்டாம் வீட்டு வாசல் வந்தா*
*ஏனோ நின்னு போவுது.*
*ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு,*
*உக்காரு கண்ணே உக்காரு.*

கடைசி வரியில் எல்லோரும் தொப்பென்று தரையில் உட்கார வேண்டும். கடைசியாக உட்காருகிறவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். நான் தினமும் கேட்ட பாட்டு. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பள்ளியின் ஆண்டு மலருக்கு ஆசிரியர்களும் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மிஸ்ஸியம்மா சொன்ன வருஷம்தான் யோசித்தேன். அவர் அலமாரியில் இருந்த ஒரு ஆங்கிலப் பத்திரிகையில், குழந்தைப் பாட்டுகளுக்குள் பழைய போர்களும் நோய்களும் ராஜாக்களின் கொடுமைகளும் ஒளிந்திருப்பதாக யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்த மறுநாள் காலை வராந்தாவில் பாட்டைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அப்பா பிளேக் காலத்தைப் பற்றிச் சொல்வார். வீடு வீடாக வண்டி வந்து நிற்கும், பிணத்தை ஏற்றிக்கொண்டு போகும் என்பார். வெள்ளை வண்டி, மணி, ஒரு வீட்டு வாசலில் நிற்பது, ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, பிறகு எல்லோரும் தரையில் விழுவது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. இரண்டு நாளில் கட்டுரையை முடித்தேன்.

அது மலரில் முதல் பக்கத்தில் வந்தது. பல பள்ளிகள் சேர்ந்த ஆசிரியர் கூட்டத்தில் என்னை அதை வாசிக்கவும் சொன்னார்கள். வாசித்து முடித்ததும் வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து வந்து, இனி அந்தப் பாட்டைத் தன்னால் சாதாரணமாகக் கேட்க முடியாது என்றார். அந்தப் பெருமையில் ஒரு மாதம் மிதந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது என் வகுப்புக்குப் புதிதாக ஒரு ஆயா வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கண்டோன்மென்ட் பங்களாக்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். முதல் நாள் காலை, பிள்ளைகள் பாடி முடித்துத் தரையில் உட்கார்ந்ததும் அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

“யாரு டீச்சரம்மா இந்தப் பாட்ட உக்கார வச்சது? ஓடணுமே!”

“உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியுமா?”

“நல்லாக் கேட்டீங்க. நான் கட்டுன பாட்டு. ‘ஓடு கண்ணே ஓடு’ன்னு முடியும்.”

நான் நம்பவில்லை. பாட்டு என்பது யாரோ ஒருவர் கட்டுவது என்றே நான் நினைத்திருக்கவில்லை. மதிய இடைவேளையில் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார். பதினெட்டு வயதில் ஒரு பட்டாளத்து டாக்டர் வீட்டில் வேலை பார்த்திருக்கிறார். அந்த வீட்டுக் குழந்தை காலுறையும் பூட்ஸும் போடவிடாமல் கத்துமாம். வாசலில் ரொட்டி வண்டி வரும். வெள்ளைப் பெயின்ட் அடித்த தள்ளுவண்டி, முன்னால் ஒரு மணி. அதைக் காட்டிப் பாடிக்கொண்டே ஒரு காலை நுழைப்பார், ஒண்ணு போச்சு. மறு காலை நுழைப்பார், ரெண்டு போச்சு. பிறகு ஓடு கண்ணே ஓடு.

“எட்டாம் வீடு?” என்று கேட்டேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது நான் போட்டது இல்ல. பக்கத்து பங்களா ஆயாங்க சேத்து உட்டது. ரொட்டிக்காரரு எங்க வாசல்ல மட்டும் ரொம்ப நேரம் நிப்பாரு. அதுக்குக் கிண்டல். அப்பறம் அவரத்தான் கட்டிக்கினேன்.”

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். வண்டி பிணவண்டி என்று எழுதியதையும் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“எங்கம்மா பிளேக்லதான் போனாங்க. எனக்குப் பத்து வயசு. ஊருக்கு வெளிய கொட்டாய் போட்டு எங்கள எல்லாம் அங்க கொண்டுபோய் உட்டாங்க. அம்மாவ ஏத்திக்கினு போனது மாட்டுவண்டி. அதுல வெள்ளையும் இல்ல, மணியும் இல்ல. அதுக்கு யாரும் பாட்டு கட்டல. நாங்க அதப் பேசவே மாட்டோம்.” எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “என் கல்யாணப் பாட்ட சாவுப் பாட்டு ஆக்கிட்டீங்களே டீச்சரம்மா.”

அன்று சாயங்காலம் அவரை அழைத்துப்போக அவர் கணவர் வந்தார். இப்போது ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. புருவங்கூட மாவு படிந்து வெளுத்திருந்தது. அவரிடமும் கேட்டேன். அதிகப்படியான சந்தேகம்தான். அவர் யோசித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

“நான் நின்னது ஆறாம் வீடும்மா. ஆறுன்னு பாடுனா ‘ஏனோ’வுக்கு ஒத்து வரலன்னு எட்டு ஆக்கிட்டாளுங்க. எட்டாம் வீட்டுல நாய் இருந்திச்சு. அங்க எவன் நிப்பான்?”

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பிள்ளைகள் பாட்டின் முடிவில் ஓடத்தான் செய்தார்கள். ஒரு பெண் குழந்தை வராந்தாப் படியில் விழுந்து முன்பல் உடைந்தது. அவள் அம்மா வந்து கத்திவிட்டுப் போனார். மறுநாள் நான்தான், இனிமேல் ‘ஓடு’ வேண்டாம், ‘உக்காரு’ என்று பாடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். நாலு வருஷத்தில் அதை அடியோடு மறந்துவிட்டேன். கட்டுரையில் நான் மிக வலுவான சான்றாகக் காட்டியது அந்தக் கடைசி வரியைத்தான். செத்து விழும் சனங்கள் என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். அந்த வரி என்னுடையது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஜட்கா வண்டிக்காரர் உருதுவில் திட்டினார்.

மறுவாரம் ஒரு திருத்தம் எழுதி மிஸ்ஸியம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“உங்கள் நேர்மை மெச்சத்தக்கது,” என்றார். “ஆனாலும் அந்தக் கட்டுரை மிகவும் அழகானது. வேறு மிஷன் பள்ளிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஒரு பணிப்பெண்ணின் ஞாபகத்தை வைத்து அதை அழிக்க வேண்டுமா?”

“என் ஞாபகமும் இருக்கிறது, மிஸ்ஸியம்மா.”

“அடுத்த மலரில் பார்க்கலாம்.”

அடுத்த மலரில் அது வரவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வகுப்பில் பிள்ளைகளிடம், இது ரொட்டி வண்டிப் பாட்டு, இதைக் கட்டியவர் இதோ இவர் என்று ஆயாவைக் காட்டினேன். பிள்ளைகள் அவரையே பாடச் சொன்னார்கள். அவர் ‘ஓடு கண்ணே ஓடு’ என்று முடித்தார். பிள்ளைகள் ஒருவரும் ஓடவில்லை. பழக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆயாவுக்கு என்மேல் இருந்த கோபம் அன்றுதான் தணிந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தார்.

யுத்த காலத்தில் நான் வேறு பள்ளிக்கு மாறினேன். அங்கேயும் அந்தப் பாட்டு இருந்தது. தெருவெல்லாம் பட்டாள லாரிகள் ஓடிய நேரம், ‘வெள்ளை லாரி வருது’ என்று பாடினார்கள். புதிதாகப் பயிற்சி முடித்து வந்த ஒரு இளம் ஆசிரியை, அது பழைய பிளேக் பாட்டு என்று எனக்கு விளக்கினார். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களாம். நான் ரொட்டி வண்டியையும், பூட்ஸையும், ஆறாம் வீட்டையும், உடைந்த பல்லையும் ஒன்று விடாமல் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்படியும் இருக்கலாம் அக்கா,” என்றார். “ஆனா பிளேக்னு வச்சா எல்லா வரியும் சரியா பொருந்துதே.”

பொருந்தத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை.