ஷாலினி வாய் திறந்த புதன்கிழமை

மண்சரிவு நடந்து மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன். என் மகள் ஷாலினி அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. முகாமில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். பத்து வயதுப் பிள்ளை சும்மா இருப்பது யாருக்கும் நோயாகத் தெரியவில்லை.

நமுனுகுல மலையடியில் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்துக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு மழைக் காலையில் மலை இறங்கி எங்கள் லயத்து வரிசை வீடுகளை மூடியது. என் கணவர் அதற்குள் இருந்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. பயந்துபோயிருக்கா" என்றார். மனவடு (பேரதிர்ச்சி மனதில் விட்டுப்போகும் காயம்) என்று விளக்கினார். மாத்திரை தரவில்லை. பள்ளிக்கூடத்தில் நடக்கும் குழுச் சிகிச்சையில் (ஒரே மாதிரி இழப்புள்ள பிள்ளைகள் சேர்ந்திருந்து வரைந்தும் பேசியும் பழகுவது) சேர்க்கச் சொன்னார்.

புதன்கிழமைதோறும் ஏழு பிள்ளைகள். ஷாலினி முதலில் வெறுந்தாளையே திருப்பிக் கொடுத்தாள். பிறகு தாள் முழுக்க மண் நிறம் பூசினாள். நான் வெளியே படியில் உட்கார்ந்து, அவள் பேசினால் போதும் ஆண்டவரே என்று ஜெபித்தேன்.

ஆறாவது புதன் குழுவை நடத்தும் ஆலோசனை டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"பேசிட்டா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். அவளே சொன்னா."

ஷாலினி என் முகத்தைப் பார்த்தாள். "நாம மூணு பேரும் வெளிய வந்துட்டோம். நீங்கதானம்மா அப்பாவத் திரும்பிப் போகச் சொன்னீங்க, சர்டிபிகேட் பைய எடுக்க?"

அவளுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்த பை அது. நான் அனுப்பித்தான் அவர் போனார் என்பதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் உடைந்து அழுதாள். என்னிடம் வரவில்லை. டீச்சரின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தேறினாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பிள்ளைகளோடு சிரிக்கிறாள். என்னிடம் மட்டும், நான் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். "அவளுக்குக் காலம் கொடுங்க" என்கிறார் டீச்சர். இதே நிலையில் இருக்கும் தாய்மாருக்குச் சொல்கிறேன்: பிள்ளையை அனுப்புங்கள். பேச்சு வரும்போது என்ன வந்தாலும் மறுக்காதீர்கள்.

எனக்குத்தான் நாட்கள் நகரவில்லை. கிழமை மாறுகிறது, எனக்கு எப்போதும் அதே காலைதான். ஷாலினி இப்போது தானே தலை பின்னிக்கொள்கிறாள். வகிடு கோணல். நேராக்க என் கை நீள்கிறது, அவள் தோள் இறுகுகிறது. கை நின்றுவிடுகிறது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நிற்கிறேன்.