பதினோராம் பக்கத்துக் கிழிசல்

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் தையல் கடை வைத்திருந்த சுராயாவுக்கு, கிழிசல் எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும். திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் குனியும்போது கால்சட்டை பிரிந்தால், இங்கே அவள் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். நம்பாதவர்கள் அங்கே போய்க் குனிந்து பார்க்கலாம்.

தொண்ணூற்றெட்டில் அவள் மகள் ஜன்னாவுக்குப் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் முதல்முறையாகப் பேசும் வேஷம் கிடைத்தது. அதுவும் பறக்கும் வீரன் வேஷம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மரமாக நின்றவள் அவள். உடை எப்படியிருக்க வேண்டும் என்று காட்ட, கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் லக்ஷ்மிநாராயணன் தன் காமிக்ஸ் ஒன்றைக் கொடுத்தார்.

“பரிசெல்லாம் வாங்கின புத்தகம்மா. படிச்சுட்டு அழுதுட்டேன்.”

சுராயா அதை இஞ்ச் டேப்போடு உட்கார்ந்து படித்தாள். படத்திலிருந்த தோள் அகலத்தை ஜன்னாவுக்குக் கணக்குப் போட்டால், பிள்ளை வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்று வந்தது.

தைக்கக் கொடுத்த துணி மாறிவிடாமலிருக்க, ரசீதில் அதன் துண்டொன்றைக் குண்டூசியால் குத்தித் தருவது அவள் வழக்கம். அந்த ரசீதோடு பேண்ட் வாங்க வந்த லக்ஷ்மிநாராயணன் கேட்டார்.

“புத்தகம் எப்படிம்மா?”

“இன்னாத்த சொல்றது சார்? பதினோராம் பக்கத்துல வீரனோட சட்டை தோள்ல கிழிஞ்சி தொங்குது. பன்னெண்டுல புதுசாட்டம் கீது. நடுவுல தச்சது யாரு?”

“கதைம்மா அது.”

“ஜிப்பு இல்ல, பட்டன் இல்ல. எப்டி மாட்டுவான்? அழுதீங்களே, இதக் கேட்டீங்களா?”

அவர் பேண்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

நீலச் சாட்டினில் சட்டை. கழுத்தில், இழுத்தால் விட்டுக்கொள்ளும் டிச் பட்டன் வைத்து, முதுகில் தொங்கச் சிவப்பு அங்கி. ஜன்னா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“புக்குல பட்டன் இல்லம்மா.”

“புக்குல கழுத்தே இல்லடி.”

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் ஜன்னா பெஞ்சிலிருந்து பறந்தாள். அங்கி ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டது. பட்டன் விட்டுக்கொடுத்ததால் கழுத்து தப்பியது. சட்டைத் தோள் மட்டும் அதே கொக்கியில் ஒரு சாண் கிழிந்தது.

“நான் போவலம்மா. எல்லாம் சிரிப்பாங்க. மரமாவே நின்னுக்கறேன்.”

நீலத் துணி மிச்சமில்லை. சுராயா புத்தகத்தைப் பிரித்தாள்.

“பாரு, இவனுக்கும் அதே தோள்தான். தச்சத காட்ட அவனுக்கு வெக்கம். உனக்கு இன்னா?”

மீந்த சிவப்புத் துணியில், கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி ஒட்டுப் போட்டாள்.

மேடையில் ராட்சசியாக நின்ற ரோகிணி, எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டாள். “இன்னாடி, ஒட்டுப் போட்ட சட்டையோட சண்டைக்கு வந்துகீற?”

ஜன்னா ஒரு கணம் மரமானாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

“நேத்து சண்டையில கிழிஞ்சிது. எங்கம்மா தச்சிட்டாங்க. இன்னிக்கும் கிழி, தைப்பாங்க. வா!”

அந்தக் கைதட்டலில் மகாபலிபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறை அரையடி உருண்டது. விடிவதற்குள் யாரோ தள்ளி வைத்துவிட்டார்கள்.

மறுவாரம் லக்ஷ்மிநாராயணனிடம் புத்தகம் திரும்பியது. பதினோராம் பக்கத்திலிருந்து பன்னிரண்டுக்குப் புரட்டும் ஓரத்தில், குண்டூசியில் ஒரு சிவப்புத் துண்டு குத்தியிருந்தது.

“என்னம்மா இது?”

“நடுவுல ஒரு பக்கம் காணோமே சார். அதான் வெச்சிட்டேன்.”

அவர் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். கல்பாக்கம் பஸ் இரண்டு போய்விட்டன.