விரல் உறைக்குச் சந்தை இல்லை

என் கண்டுபிடிப்பை மூன்று பேர் உட்கார்ந்து தள்ளுபடி செய்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அவர்களுக்கு என் கோபத்தில் பின்வரிசையில்தான் இடம். முன்வரிசை முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள், நடுவில் என் வீட்டுக்காரரின் அக்கா. அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அதாவது, பேச்சு இருந்த காலத்தில் கூப்பிட்டேன்.

நாங்கள் மாரியூர்ப் பக்கம் கடலில் பாசி எடுக்கிறவர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக் கையால் பிய்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட வேண்டும். பாறை முழுக்கச் சிப்பி ஓடு. வெறுங்கையோடு போனால் விரல் கிழிந்துவிடும். அதனால் பழைய சேலையைப் பட்டை பட்டையாகக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொள்வோம். இடது கைக்கு அவரவரே கட்டிக்கொள்ளலாம். வலது கைக்கு முடியாது, வேலை செய்கிற கையும் அதுதான். ஆகவே கரையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தி கையை ஒருத்தி கட்டிவிடுவோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் கையைக் கட்டிவிட்டவள் மதினி. அவள் கையைக் கட்டிவிட்டவள் நான்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல், கடலுக்குப் போகவில்லை. அன்றைக்கென்று பார்த்து, போகக்கூடாத தீவுப் பக்கம் போனவர்களை வனத்துறை ரோந்துப் படகு மறித்துவிட்டது. பாசியைக் கொட்டச் சொல்லி, கண்டபடி ஏசி அனுப்பினார்கள். வராதவள் நான் ஒருத்தி, எனவே காட்டிக்கொடுத்தவளும் நான்தான். இப்படி முடிச்சுப் போட்டது மதினி. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், சண்டை நடந்திருக்கும், சண்டை நடந்தால் எங்கள் ஊரில் அதோடு தீர்ந்துவிடும்.

காய்ச்சல் விட்டுக் கரைக்குப் போனேன். எப்போதும் போல மதினிக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் எழுந்து போய் வேறொருத்திக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று தங்கள் துணியைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு இடது கையாலும் பல்லாலும் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். தண்ணீருக்குள் போனதும் துணி அவிழ்ந்து ஆட்காட்டி விரலில் சிப்பி கிழித்தது. சீழ் வைத்து, கையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். “அக்காகிட்ட ஒரு வார்த்தை தணிஞ்சு பேசிட்டா முடிஞ்சு போச்சு” என்றார் வீட்டுக்காரர். செய்யாத தப்புக்கு நான் எதற்குத் தணிந்து போக வேண்டும்? அவருக்குச் சோறு போட்டேன், பதில் போடவில்லை.

கடலுக்குப் போனால்தான் பிழைப்பு. கையை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் இனி உட்காரவும் மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் என் கண்டுபிடிப்பு. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மீன்வலை நூலால் தைத்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு உறை செய்தேன். எல்லாவற்றையும் மணிக்கட்டில் ஒரு பட்டையோடு சேர்த்தேன். பட்டையைப் பல்லால் இழுத்தால் இறுகிக்கொள்ளும். யார் தயவும் வேண்டாம். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து தண்ணீரில் இறங்கியபோது எனக்குள் இருந்த திமிரை எழுதி மாளாது.

ஊரே என்னோடு பேசவில்லையே தவிர, மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்க மறந்துவிட்டார்கள். அதில்தான் அந்தச் செய்தி வந்தது. புதிய தொழில் எண்ணம் இருப்பவர்கள் இராமநாதபுரத்துக்கு வந்து சொல்லலாம், நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பொருளாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோக உதவுவார்கள். என் உறையைக் கடையில் தொங்கவிட்டு, மதினி அதைப் பார்க்க வேண்டும். எனக்கு இருந்த தொழில் திட்டம் அவ்வளவுதான்.

மாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓய்வு பெற்ற பேராசிரியர், ஒரு பக்கம் ஏதோ கம்பெனி நடத்துகிறவர், இன்னொரு பக்கம் சின்ன வயது அதிகாரி அம்மா. எனக்கு முன்னால் ஒரு பையன் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் டிரோன் பற்றிப் பேசினான். மீனவர் எதற்காக இதை வாங்குவார் என்று கேட்டார்கள். அவன் ஆங்கிலத்தில் எதையோ சொன்னான். அடுத்த சுற்றுக்குப் போய்விட்டான்.

என் முறை வந்தது. பேராசிரியர் உறையை மாட்டிப் பார்த்தார்.

“இது இல்லாம இப்ப என்ன செய்றாங்கம்மா?”

“துணி கட்டுவாங்க சார்.”

“துணி என்ன விலை?”

“விலை ஏது சார்? பழைய சேலைதான்.”

கம்பெனிக்காரர் சிரித்தார். “அப்ப சும்மா கிடைக்கிறதோட நீங்க போட்டி போடுறீங்க.”

“துணியில அப்படி என்ன குறை?” என்றார் பேராசிரியர்.

சரியான கேள்விதான். பதிலும் என் வாய்க்குள்தான் இருந்தது. துணியில் ஒரு குறையும் இல்லை, கட்டிவிட ஆள்தான் இல்லை. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஊர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல. கை கட்டிவிட ஒரு நாதி இல்லாதவள் என்று அந்நிய ஆட்கள் முன்னால் நானே என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டுமா?

“கட்ட நேரமாகும் சார்” என்றேன்.

அவர்களுக்கு அது போதவில்லை. நீங்கள் சொல்வதை வைத்து முடிவு செய்ய மாட்டோம், பயன்படுத்தப் போகிறவர்களிடமே கேட்போம் என்றார்கள். உங்கள் ஊருக்கே வருகிறோம் என்றார்கள். என் பொருள் தேறுமா தேறாதா என்று சொல்லப் போவது மதினி!

சொன்னபடியே அதிகாரி அம்மா வந்தார். கடலில் முங்கப் போகிறவர்கள் அத்தனை பேரும் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், போட்டோ எடுப்பார்களாம். இந்த உறை கடைக்கு வந்தால் வாங்குவீர்களா என்று அந்த அம்மா கேட்டார். எல்லோரும் மதினி முகத்தைப் பார்த்தார்கள்.

“எங்களுக்குத் துணியே போதும் மேடம்” என்றாள் மதினி. “இதெல்லாம் வேலையத்த வேலை.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தியாவது உறையை விரலில் மாட்டிப் பார்த்தாளா? இல்லை.

அதிகாரி அம்மா நியாயமானவர். கருத்து வேறு, சோதனை வேறு என்றார். என்னையே முங்கச் சொன்னார். முதலில் வலது கையில் துணி, பிறகு அதே கையில் உறை. அதே ஆள், அதே கடல், எது தேவலை என்று பார்த்துவிடலாம். குறை சொல்ல முடியாத யோசனை. பிறகு அவர் எல்லோரையும் பார்த்து, “யாராச்சும் இவங்களுக்குக் கட்டிவிடுங்கம்மா” என்றார்.

யாரும் அசையவில்லை. அந்த அம்மா ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தார். கடைசியில் மதினிதான் எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். நான் மறுபடியும் அவளிடம் கையை நீட்ட வேண்டியிருந்தது.

“ஆட்டாத கைய” என்றாள், உதடு அசையாமல்.

“நீ இழுக்காத” என்றேன்.

அவள் வேண்டுமென்றே தளர்த்திக் கட்டுவாள் என்றுதான் நினைத்தேன். கட்டட்டும், தண்ணீரில் அவிழட்டும், என் உறை ஜெயிக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பாதகத்தி, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் திருப்பிப் பார்த்துச் சுற்றினாள். ஆறிப்போன தழும்பின் மேல் மட்டும் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினாள். என் வாழ்நாளில் அவள் அவ்வளவு நன்றாகக் கட்டிவிட்டதில்லை. நன்றாகக் கட்டக் கட்ட நான் தோற்பேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துணி அசையவில்லை, விரலில் ஒரு கீறல் இல்லை. உறையோடு முங்கியபோது உள்ளே தண்ணீர் புகுந்தது, மோதிர விரல் உறை தையல் விட்டு நழுவிக் கடலோடு போய்விட்டது.

பிறகு அந்த அம்மா போன் செய்தார். கண்டுபிடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போது இருக்கிற முறை இதைவிட நன்றாக இருக்கிறது, சந்தை இல்லை, எடுக்க முடியாது என்றார். இனி எதற்கு மறைப்பது என்று நானும் சொன்னேன்.

“அந்தத் துணியக் கட்டிவிட ஒரு ஆள் வேணும் மேடம்.”

“அதான் அங்கன அத்தனை பேர் இருக்காங்களேம்மா” என்றார்.

அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னார்.

நான் மோதிர விரலுக்கு வேறு உறை தைத்து, மணிக்கட்டுப் பட்டையையும் அகலமாக்கினேன். மறுபடி கரைக்குப் போனபோது, நான் வழக்கமாக உட்காருகிற இடத்துக்கு எதிரில் மதினி உட்கார்ந்திருந்தாள். இடது கை கட்டியிருந்தது. வெறும் வலது கையை என் பக்கம் நீட்டினாள்.

“கட்டிவிடு ஏத்தா, வெயில் ஏறுது” என்றாள். இடையில் ஒன்றுமே நடக்காதது போலவும், நேற்றும் நான்தான் கட்டிவிட்டது போலவும் இருந்தது அந்தக் குரல். மன்னிப்பு இல்லை, விசாரிப்பு இல்லை. என் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டதா என்றுகூட அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் அதற்குள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் கட்டிவிட்டால் போதும், ஊர் பழையபடி ஆகிவிடும்.

நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். பையிலிருந்து உறையை எடுத்து, என் கையில் ஒவ்வொரு விரலாக நிதானமாக மாட்டினேன். பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கினேன். அதுவரைக்கும் அவள் கையை மடக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன், பாசி எடுத்து நான் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கண்டதில்லை.

எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தேன். அவள் கையை யார் கட்டிவிட்டார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.