டயரில் பூ இருக்கிறதா?

போன சனிக்கிழமை காலை, கிள்ளானில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்து அழுதேன்.

டயர் கடையில் யாராவது அழுவார்களா? விலையைக் கேட்டு அழுபவர்கள் உண்டு. நான் அதற்கு அழவில்லை. கடைக்காரர் சொன்ன ஒரு சொல்லுக்கு அழுதேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பாவம், டயரைப் பற்றித்தான் பேசினார்.

அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். பூ.

டயரின் மேல் வெட்டு வெட்டாகப் பள்ளம் இருக்கிறதே, நம் ஊரில் அதற்குப் பெயர் பூ. மலாய்க்காரர்கள் 'புங்கா' என்றார்கள். நாம் அதை அப்படியே தமிழில் பூவாக்கிக்கொண்டோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழி ஒருத்தி என் காரைப் பார்த்து, "பட்டன் தேஞ்சுபோச்சே" என்றாள். நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்... அங்கே பட்டன், இங்கே பூ. நமக்குத்தான் ரசனை அதிகம் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை இப்போது இல்லை.

என் தம்பி சேகரனை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அடிக்கடி வந்து போனவன். என் சாம்பாரைக் கிண்டலடித்தவன். என் காருக்கு 'பிஸ்கட் டின்' என்று பெயர் வைத்தவன். கொஞ்ச நாளாக அவனைக் காணோமே என்று சிலர் கேட்டு எழுதினீர்கள். நான் பதில் போடவில்லை. இப்போது சொல்கிறேன். சேகரன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

மழை. பூச்சோங்கில் வேலை முடித்து, மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஹைவே வளைவில் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. பின்னால் லோரி. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. ஒரு கண்ணாடி உடைந்தது, ஒரு சிக்னல் விளக்கு போனது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள் — "பின் டயர்ல பூவே இல்லையாம்."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. வேறு யாராவது என்றால் சரி. சேகரனா?

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால், முறுக்கில் கை வைப்பதற்கு முன் என் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவான். சட்டைப் பையிலிருந்து ஐம்பது காசு நாணயத்தை எடுத்து டயர் பள்ளத்தில் சொருகிப் பார்ப்பான். எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. "அக்கா, பூ போச்சு. மழ சீசனுக்கு முன்னாடி மாத்திரு" என்பான். பக்கத்து வீட்டு ஆன்டியின் வண்டியைக்கூட விடமாட்டான். அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

ஊருக்கெல்லாம் பூ பார்த்தவன், தன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த வாரம் மாத்துறேன்" என்று வாசுகியிடம் சொல்லிக்கொண்டே இருந்தானாம். நம் வீட்டு ஆம்பளைகளின் காலண்டரில் 'அடுத்த வாரம்' என்று ஒன்று தனியாகத் தொங்குகிறது. அது கிழிக்கப்படுவதே இல்லை.

வாசுகி அவன் மனைவி. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி.

கருமாதி அன்று வாசுகியின் தலை நிறைய மல்லிகை வைத்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வைத்திருக்க மாட்டார்கள். பிறகு எடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த சடங்குதான், விவரிக்கத் தேவையில்லை.  அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு விநோதமான வழக்கம் வந்துவிட்டது. வாசுகி முன்னால் பூ என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. நான் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில். வீட்டை விட்டு இறங்கினால் பூக்கடைதான். சாமிக்கு வாங்கிய சரத்தை, வாசுகி வருகிறாள் என்றால் ஃபிரிட்ஜில் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பேன். என் அம்மா ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் 'பூ கோபிஸ்' என்று சொல்ல வந்து, பாதியில் விழுங்கி, வெறும் 'கோபிஸ்' என்றார், அதாவது முட்டைக்கோஸ். தட்டில் இருந்தது காலிஃபிளவர். வாசுகி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சாப்பிட்டாள்.

யாராவது எங்களை அப்படி இருக்கச் சொன்னார்களா? இல்லை. பாசம்தான். பாசத்துக்கு இப்படியும் ஒரு அசட்டுத்தனம் உண்டு.

போலீஸ் நிலையத்திலிருந்து மோட்டார் திரும்பி வந்தது. கான்வாஸ் போட்டு மூடி வாசலில் நிறுத்தினார்கள். "வித்துத் தொலைச்சிரும்மா, ராசியில்லாத வண்டி" என்றார் அம்மா. வாசுகி விற்கவில்லை. அவளுக்குப் பூச்சோங்கில் ஒரு குடோனில் பேக்கிங் வேலை கிடைத்தது. கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ் தாமதம் என்றால் சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க முடியவில்லை. லைசென்ஸ் அவளிடம் உண்டு. கல்யாணமான புதிதில் சேகரன்தான் எடுக்க வைத்தான்.

"அண்ணி, நான் மோட்டார எடுக்கப் போறேன்" என்றாள் போனில்.

அதே வண்டி. அதே ஹைவே. அதே மழை.  அந்தச் சாலைக்கு இன்னொரு ஆளைக் கொடுக்க என்னால் முடியாது. அந்தப் பெண் குழந்தைக்கும் மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

"அந்த வண்டி வேணாம்மா."

"வண்டி என்னண்ணி பண்ணுச்சு?"

 "டயர மாத்தாம ஏறாத. நானும் கூட வரேன்" என்றேன். அதுதான் என்னால் முடிந்தது.

சனிக்கிழமை அவள் வீட்டிலிருந்து கடை வரை மெதுவாக ஓட்டினாள். நான் காரில் பின்னாலேயே போனேன். நல்ல வேளை, மழை இல்லை. ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டியிருந்தாள். காற்றும் தண்ணீரும் நெஞ்சில் அடிக்காமல் இருக்க நம் மோட்டார்காரர்கள் போடுவார்களே, அப்படி. சேகரனின் ஜாக்கெட். அதைக் கழற்றாமல்தான் கடைக்குள் வந்தாள்.

கடைக்காரர் பெயர் குணா. வாய் ஓயாத மனிதர். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அக்கா, பூவே இல்லையேக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து மாதம் நாங்கள் பொத்திப் பொத்தி வைத்த சொல்... வாசுகி அசையவில்லை.

"தெரியும்ணே" என்றாள்.

"சுத்தமா போத்தாக் லா. தலையில முடி கொட்டின மாதிரி. பூ இல்லாம எவ்ளோ நாளா இருக்கீங்க?"

"அஞ்சு மாசமாச்சு."

"அஞ்சு மாசமாவா? வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"யாருமே சொல்லலண்ணே."

அங்கேதான் நான் அழுதேன். சும்மா கண் கலங்குவது அல்ல, வாயைப் பொத்திக்கொண்டு அழும் அழுகை. குணா பயந்துவிட்டார். "ஆன்டி, என்னாச்சு? தண்ணி வேணுமா?" என்று ஒரு மினரல் வாட்டரைத் திறந்து நீட்டினார். வாசுகிதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இந்த வண்டிதாண்ணே. இந்த டயருதான். அவங்க தம்பி... என் வீட்டுக்காரரு."

குணா வாசுகியின் நெற்றியை அப்போதுதான் பார்த்தார். காதைச் சொறிந்தார். 

"சாரிக்கா. நான் டயரத்தான் சொன்னேன்..."

"டயரத்தாண்ணே சொன்னீங்க. அதுக்கு வேற பேரு இல்லையே."

பிறகு வாசுகி பழைய டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். நடுப்பகுதி முழுக்க வழவழவென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகக் கோடு தெரிந்தது. "சவரம் பண்ணின கன்னம் மாதிரி இருக்கு அண்ணி" என்றாள். சேகரன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சவரம் செய்பவன். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், வேறு ஆளாக நின்றாள்.

"எனக்கு டெய்லி பூச்சோங் போகணும்ணே. சாயந்தரம் திரும்புறப்ப மழதான். வீட்டுப் பக்கம் லோரி ஓடி ஓடி ரோடு பூரா குழி, மணலு. அதுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க."

குணா முதலில் எடுத்து வைத்தது பெரிய பெரிய கட்டையாகப் பூ உள்ள முரட்டு டயர். மண்ணில், கல்லில் நன்றாகப் பிடிக்கும் என்றார்.

"மழையில தார் ரோட்டுக்கு?"

"அதுக்கு இது அவ்வளவு சரியா வராதுக்கா. கட்ட கட்டையா இருக்கில்ல, ரோட்ட தொடுறது கொஞ்சம். வளைவுல வழுக்கும்."

'வழுக்கும்' என்ற சொல்லில் அவரே ஒரு முறை தடுமாறினார். அந்த டயரை உள்ளே கொண்டு வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அகலமாக, பளபளப்பாக, பூ ரொம்பக் குறைவாக. பையன்கள் விரும்பி வாங்குவதாம். வாசுகி அதைத் தொடக்கூட இல்லை.

மூன்றாவதில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் ஓடியது. "இது தண்ணிய ஓரமா தள்ளிவிடும். ரப்பர் கொஞ்சம் மிருதுவானது, ஈரத்துல நல்லா பிடிக்கும். ஆனா சீக்கிரம் தேயும், அத சொல்லிர்றேன்" என்றார். பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருந்தது. சக்கரம் சுற்றும் திசைக்கு அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டுமாம். திருப்பி மாட்டினால் அந்தப் பள்ளம் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளாதாம். குழிக்கும் இது தாங்கும், காற்றை மட்டும் வாராவாரம் பாருங்கள் என்றார்.

"முன்னாடி டயரு இன்னும் கொஞ்ச நாளு ஓடும்" என்றும் சொன்னார்.

"ஓட வேணாம்ணே. ரெண்டையும் மாத்துங்க. தேஞ்சா திரும்ப வரேன்." வாசுகி புது டயரின் பள்ளத்தில் விரலை ஓட்டினாள். "எனக்கு நல்லா பூ உள்ளதா போட்டுக் குடுங்க."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்போதுதான்.

மாட்டி முடித்ததும் குணா சொன்னார்: "அக்கா, புது டயரு முதல்ல வழுக்கத்தான் செய்யும். ஒரு வாரம் மெதுவா போங்க. சடன் பிரேக் வேணாம். மழை ரொம்ப அடிச்சா பாலத்துக்குக் கீழ நின்னுட்டுப் போங்க, சரியா?" கடைக்காரர் பேச்சாகத் தெரியவில்லை, கூடப்பிறந்தவன் பேச்சாகத்தான் இருந்தது. பழைய டயரைக் கொண்டு போகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஒரு பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுக்க அன்றைக்குப் பந்தல் கொள்ளாமல் ஆட்கள் நின்றோம். அவள் புருஷனின் டயரில் பூ இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டோமே... எதை எதையோ சாஸ்திரம் என்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வண்டி எடுப்பதற்கு முன் குனிந்து பார்ப்பதையும் ஒரு சாஸ்திரம் ஆக்கியிருந்தால் என் தம்பி இருந்திருப்பான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நல்ல மழை. விட்ட கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குக் கீழே ஹாரன் சத்தம். வாசுகி. கிள்ளானிலிருந்து ஈர ரோட்டில், தனியாக, மோட்டாரில் வந்திருக்கிறாள். ஜாக்கெட் நனைந்திருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். அவளைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

நான் அப்போதுதான் கடையிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தேன். பை கையில் இருந்தது. பழக்கதோஷம், கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"ஒளிச்சு வைக்காதீங்கண்ணி. வாசம் வருது."

பையை நீட்டினேன். ஒரு முழம் கிள்ளி எடுத்து மோட்டாரின் கைப்பிடியில் கட்டினாள். இன்னொரு முழம் கிள்ளி ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டாள். அது யாருக்கு? நான் கேட்கவில்லை. 

பிறகு என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எங்கிருந்தோ ஒரு ஐம்பது காசை எடுத்துச் சொருகிப் பார்த்தாள். அந்தக் குனிந்த தலையையும், அந்த ஜாக்கெட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணி, உங்களுக்கும் பூ கொறஞ்சிருக்கு. மாத்திருங்க."

இன்று காலையே மாற்றிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் குனிந்து பாருங்கள் — வீட்டில் எல்லாருடைய வண்டியையும். ஆனால் முதலில், உங்களுடையதை.