செல்லப்பா அண்ணாச்சி விழும் காட்சி

தென்காசியில் என் துணிக்கடைக்கு அடுத்தது செல்லப்பா அண்ணாச்சியின் பாத்திரக்கடை. அவருக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காமெடிப் படம் என்றால் உயிர். அதில் கதாநாயகன் வழுக்கி விழுவான், குடங்கள் சரியும், செத்தவன்போலக் கிடப்பான். ஊரே கூடி ஒப்பாரி வைத்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடப்பான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கும் சிரிப்பு வரும். விழுந்தவன் எழுந்துவிடுவான் என்று தெரிந்தால்தானே சிரிக்க முடியும்?

அண்ணாச்சி அதைக் கடையிலேயே நடித்துக் காட்டுவார். அண்டாக்களுக்கு நடுவே தடாலென்று விழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். மனைவி முத்துசெல்வி சிரித்தால்தான் எழுவார். வியாபார நேரத்தில் என்ன கூத்து இது என்று எனக்கு எரிச்சலாக வரும். “சிரிச்சுத் தொலைங்க மதினி!” என்று கத்துவேன்.

இந்தக் குற்றால சீசனில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போன இடத்தில் பாசி வழுக்கி விழுந்தார். கூடப் போன நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி எழவில்லை.

அதற்குப் பிறகு மதினிக்கு ஒரே பேச்சுதான். “அவ்வொ உயிரு போகையில நான் சிரிச்சிட்டேனே. என்னய வெறுத்துக்கிட்டேதான் போயிருப்பாவளோ?”

பதினாறாம் நாள் மத்தியானம் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். மதினி டிவியில் அந்தப் படத்தையும் ஓடவிட்டு வந்தார்.

உள்ளே படத்தில் கதாநாயகன் விழும் சத்தம் கேட்டது. குடங்கள் சரிந்தன. அடுத்து ஒப்பாரி வர வேண்டும், வரவில்லை. மறுபடியும் விழுந்தான், மறுபடியும் குடங்கள். மறுபடியும்.

“பென்டிரைவ் கோளாறு” என்றார் மதினியின் தம்பி மகாராஜா. அவர் குரலே சரியில்லை. ரிமோட் மதினியின் கையில்தான் இருந்தது.

“கோளாறு இல்லலே. நான் சிரிக்கணும்னு கெடக்காவ” என்றார் மதினி. யாரும் தடுக்குமுன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே மறுபடியும் குடங்கள் சரிந்தன. பிறகு மதினி சிரித்தார். அழுகைக்கு நடுவே பிடித்து இழுத்து வந்த சிரிப்பு, நீண்டுகொண்டே போனது. அது நின்றதும் டிவியில் ஒப்பாரி தொடங்கியது. படம் மேலே ஓடியது.

மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எந்திச்சிட்டாவ” என்றார். “போயிட்டாவ.”