பதினொரு மாத்திரை அட்டையும் கொஞ்சம் உப்பும்

பொம்மிடிக்காரர் மாதவராஜ் இருபத்திரண்டு வருஷமாகப் பொது மருத்துவர். பெற்ற தாய்க்கே அதில் பெரிய குறை. கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால், "டாக்டர்தாங்க, எதுக்கு டாக்டருன்னுதான் தெரியல" என்பார். இருதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு ஓர் உறுப்பைப் பிடித்துக்கொண்ட ஆஸ்பத்திரியில், மாதவராஜுக்கு மிஞ்சியது முழு மனிதன். அதற்கு யார் மரியாதை கொடுக்கிறார்கள்?

ஒரு நாள் பாலக்கோட்டிலிருந்து தக்காளி விவசாயி பச்சியப்பனைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகப் பேச்சு குழறியது. மகள் மேனகாவைப் பார்த்து, "யாரும்மா நீ, மண்டிக்காரர் பொண்ணா?" என்றார். அவள் அழுதுகொண்டே, "ஸ்கேன் எடுங்க சார்" என்றாள். எடுத்தார்கள். மூளை டாக்டரும் பார்த்தார். மூளையில் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் கேஸ் மாதவராஜிடம் வந்தது. யாருக்கும் வேண்டாத கேஸெல்லாம் அவருக்குத்தானே! கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"வூட்ல சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் கொட்டும்மா."

மேனகா கட்டைப்பையைக் கவிழ்த்தாள். மூன்று டாக்டர்கள் எழுதிய பதினொரு அட்டைகள். அதில் இரண்டு பேர் பிரஷருக்கென்று ஒரே மாத்திரையை வேறு வேறு பெயரில் எழுதியிருந்தார்கள். சிறுநீரோடு உப்பையும் இறைத்துவிடுகிற மாத்திரை அது. மூன்றாமவர் உப்பைக் குறைக்கச் சொல்ல, பச்சியப்பன் அடியோடு நிறுத்திவிட்டார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை டாக்டர் பேச்சைக் கேட்டார், அதுவும் இப்படி. ரத்தத்தைச் சோதித்தால், அதில் உப்பு பாதாளத்துக்குப் போயிருந்தது. பேச்சு குழறியதும் ஆள் தெரியாமல் போனதும் அதனால்தான்.

"உப்பா? இதுக்கா சார் இம்மாந்தூரம் தூக்கியாந்தோம்? சட்டுனு ஏத்திவுடுங்க."

"வேகமா ஏத்துனா மூளையே கெட்டுப்போயிரும்மா. மெதுவாத்தான் ஏத்தணும்."

மாத்திரையை நிறுத்திவிட்டு உப்புநீரைச் சொட்டுச்சொட்டாக ஏற்றுகிற டாக்டரை யார் நம்புவார்? நாலு மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வேகம் கொஞ்சம் கூடினால் ஆள் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஒவ்வொரு முடிவையும் மாதவராஜே வந்து பார்த்தார். வரும்போதெல்லாம் மேனகாவைக் காட்டிப் பச்சியப்பனிடம், "இது யாருங்க?" என்று கேட்பார்.

"மண்டிக்காரர் பொண்ணு."

பாவம், அவள் முகம் செத்துப்போகும்.

நாலாம் நாள் காலையிலும் கேட்டார். பச்சியப்பன் எரிந்து விழுந்தார். "என்னங்க கேள்வி இது? எம் பொண்ணு மேனகா!"

மேனகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாதவராஜுக்கும் கண் கலங்கிவிட்டது. கேஸ் ஷீட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

"அந்த ஸ்கேன்ல படுக்க வெச்சதாலதாம்ப்பா உனக்குச் சரியாச்சு. அந்த மிஷின் ரூம் அண்ணனுக்கு ஒரு பொட்டி தக்காளி குடுத்துட்டுத்தான் போவணும்" என்றாள் மேனகா.

"ரெண்டு பொட்டியா குடு" என்ற பச்சியப்பன், மாதவராஜை மேலும் கீழும் பார்த்தார். "இவுரு யாரும்மா?"

"இவரா? தெனமும் வந்து நான் யாருன்னு கேட்டுட்டுப் போறவருப்பா."

மாதவராஜ் பேனாவைத் திறந்து எழுதினார்: 'நினைவு தெளிவு. ஆட்களைச் சரியாக அடையாளம் காண்கிறார்.'