பஸ் டிப்போவில் மானுடவியல்

என் மனைவி மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள். பிள்ளைகள் தலையெடுத்ததும், மானுடவியல் படிக்கப் போகிறேன் என்று குண்டைத் தூக்கிப் போட்டாள். அதுவும் உலகத்தின் வடகோடியில், குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் இருக்கிற பல்கலைக்கழகத்தில்.

"அங்க போய் யாரைப் படிக்கப்போற?" என்றேன்.

"மனுஷங்களைத்தான்."

வீட்டில் இருக்கிற ஒருத்தனைப் படித்து முடித்தாயிற்றா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கூடப் படித்தவர்கள் தீவு, காடு என்று ஆய்வுக்குக் கிளம்பினார்கள். இவள் எடுத்துக்கொண்டது டவுன் பஸ் டிப்போவில் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையை. ஒரு ஹீட்டர், ஈரக் கையுறைகள் காயும் கம்பி, கால் ஆடும் பெஞ்சு. குளிர்காலம் முழுக்க அங்கேயே பழியாய்க் கிடந்தாள். மேலிடத்து ஆள் என்று நினைத்து முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. போகப்போக 'டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். டீச்சர் வராவிட்டால் அவர்களுக்கு டீயே இறங்காது என்றாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவர்களில் நெட்டையாக, அதிகம் பேசாத ஒருவரைக் கொக்கு என்பார்கள். ஒருநாள் இவளைத் தன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். ஒரு மேட்டில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், வண்டி ஊர்ந்தது.

"அந்த மூணாவது மாடி ஜன்னல் தெரியுதா டீச்சர்? என் பொண்ணு வீடு. அவ கல்யாணத்துல குடிச்சிட்டு கலாட்டா பண்ணிட்டேன். அதுலேருந்து பேச்சு வார்த்தை இல்ல. லைட் எரிஞ்சா, சரி, நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சுக்குவேன்." கொஞ்ச தூரம் போனதும், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

இவள் வெகுநாள் என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆய்வேட்டின் முதல் பிரதியைப் படித்த பேராசிரியை, "எல்லாம் இருக்கு, உயிர்தான் இல்ல. இப்படியே குடுத்தா பாஸாகுறது கஷ்டம்" என்றார். உயிர் எங்கே இருக்கிறது என்று இவளுக்குத் தெரியும். பேரை மாற்றி எழுதினாலும் அந்த மேடும் அந்த உயரமும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கொக்கையே அடியோடு எடுத்துவிட்டாள். படிப்பு போனாலும் போகட்டும் என்றாள்.

யாரைப் பற்றி எழுதினாளோ அவர்களுக்கு முதலில் காட்டவேண்டும் என்ற முறைப்படி அதை டிப்போவில் வாசித்துக் காட்டினாள். டிரைவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக் காலை வாரிக்கொண்டு சிரித்தார்களாம். வாசித்து முடித்ததும், அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே கொக்கு மட்டும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பெஞ்சு கால் ஆடுறதைக்கூட எழுதியிருக்கீங்க. நான் மட்டும் இல்லையே?"

"நீங்கதானே அண்ணே, சொல்லக் கூடாதுன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்." ஷூவில் ஒட்டிய பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை லைப்ரரில வைப்பாங்களா?"

"வைப்பாங்க."

"யார் வேணா எடுத்துப் படிக்கலாமா?"

"படிக்கலாம்ணே."

"அப்ப எழுதிடுங்க. பேரை மட்டும் மாத்திடாதீங்க. மாத்தினா, அது நான்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். பேரை மறைத்தே ஆகவேண்டும் என்ற பேராசிரியையோடு மல்லுக்கட்டி, கொக்கிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் காட்டி, கடைசியில் ஜெயித்தாள். பாஸும் ஆனாள்.

அதற்குப் பிறகு கொக்கு லீவு நாளில் லைப்ரரிக்குப் போய், அது அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் இருந்தது. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. போன வாரம் மூச்சிரைக்க எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.

"டீச்சர், புக்கு அங்க இல்ல!"

தொலைந்துவிட்டதோ என்று நான் பதறிப்போனேன்.

"இல்லீங்க" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு. "யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க."